கீத்துக் கட்டு

தோ, அது மேல உக்காராதீங்கம்மா! எழுந்திரிங்க, எழுந்திரிங்க. கீத்துக் கட்டு மேல வேணவே வேணாம். தோ, இந்த அன்னக்கூடைய கவுத்துப் போடறேன், இதுல உக்காருங்க. உப்பு சொமக்கறதுதான், துணியில ஒட்டுனா தட்டுனா போயிடும். இருங்க, இந்தக் கோலால கீத்த நாலு தட்டு தட்டிட்டு வந்துடறேன். தெனம் காலைல வந்ததும் நான் செய்யற மொத வேல அதான். மத்த பொம்பளைங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

கூட வந்தாங்களே அந்த வெள்ளக்கார அம்மா, அவங்க ஏன் வெயில்ல நிக்கறாங்க? ஓ, போட்டோ எடுக்கறாங்களா. எடுக்கட்டும், உப்பு குமிச்சு வெச்சா போட்டோவுக்கு அழகாத்தான் இருக்கும். மத்தியானத்துல கண்ணத் தொறக்க முடியாது, அது போட்டோல தெரியவா போவுது.

பேரு அமராவதி. பொறந்தது பெருமுக்கல், வாக்கப்பட்டது இந்த மரக்காணம். வயசு முப்பத்தி நாலு. ஆமாம்மா, முப்பத்தி நாலுதான், ஆதார் கார்டு கூட கீது. இந்த உப்புல நின்னு பாருங்க, நீங்களும் ஒரே வருசத்துல எனக்கு அக்கா மாதிரி ஆயிடுவீங்க.

புள்ளைங்களா? உங்க பாரத்துல அந்தக் கேள்விய கடைசியில வெச்சிக்குங்க. இல்லம்மா, சொல்லாம போவ மாட்டேன். மத்ததெல்லாம் மொதல்ல கேளுங்க.

அட்வான்சு வாங்குனோமான்னா, வாங்குனோம். பொய் சொல்லுவானேன். ஊடு ஒழுகிச்சி, ஷீட்டு மாத்தணும்னு வாங்குனோம். வாங்கசொல்லவே ரெண்டு ஆளுன்னு பேச்சு. நானும் எங்க ஊட்டுக்காரரும், அட்வான்சு கழியற வரைக்கும் இங்கயே ஒழைக்கணும், வேற உப்பளத்துக்குப் போவக்கூடாது. பத்திரமெல்லாம் கெடையாது, வாய்ப்பேச்சுதான். ஆனா இங்க வாய்ப்பேச்ச மீறி யாரு போனா சொல்லுங்க? அடுத்த சீசனுக்கு ஒருத்தனும் வேல குடுக்க மாட்டான்.

அப்புறம் அவரு குடிச்சு குடிச்சே போயிட்டாரு. ஆளு போனாலும் பேச்சு போவல. காரியத்துக்கு முருகையன் மேஸ்திரி வந்தாரு. நல்லா சாப்ட்டாரு, கை கழுவுனாரு, துண்டுல தொடச்சிக்கினே, ஏம்மா அமராவதி, இனிமே அந்த ரெண்டாவது ஆளு யாருன்னாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள என் பொண்ணு சொல்லிட்டா, நான் வரேன் மாமான்னு. பதினோரு வயசு. கீதாஞ்சலின்னு பேரு.

அவளுக்கு எல்லாம் தெரியும்மா. நீங்க சொன்னீங்களே, எல்லா நாட்டுக்காரங்களும் ஒண்ணா சேந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க, சின்னப் புள்ளைங்கள வேலைக்கு வெக்கக்கூடாதுன்னு. அத எனக்கு மொதல்ல சொன்னதே அவதான். ஜூன் மாசம் இஸ்கூல்ல ஊர்வலம் வுட்டாங்க. பெரிய அட்டைய தூக்கிக்கினு இந்த ஈசிஆர் ரோட்டு மேல மொத ஆளா நடந்தா. மைக்குல உறுதிமொழி சொன்னதும் அவதான். ஊட்டுல வந்து எனக்கு ஒருக்கா சொல்லிக் காட்டுனா. அடுத்த தையில இங்க தர கெட்டியாவறதுக்கு உப்புப் பாத்தி மிதிச்சிக்கினு இருந்தா. சின்னக் காலு மிதிச்சா குழி வுழாதுன்னு மேஸ்திரிக்கு சந்தோசம். ராத்திரில பாதத்துக்கு எண்ண தடவி வுடுவேன், எரியுது எரியுதுன்னு சொல்லிக்கினே தூங்கிடும்.

தண்ணி வேணுமா? இந்தாங்க, குடிங்க. கேன் தண்ணிதான், கரிக்காது.

ஆமா, போன வருசமும் சின்னப் புள்ளைங்க வேல செய்யறாங்களான்னு பாக்க உங்க ஆளுங்க வந்தாங்க. நீங்க இல்ல, வேற ஒரு தம்பி, கழுத்துல பேட்ஜ் மாட்டிக்கினு. இதே கேள்விங்கதான். அவங்க வர்றதுக்குள்ள மேஸ்திரிக்கு எப்படியோ சேதி வந்துடுச்சி. ஓடியாந்து சொன்னாரு, ஜீப்பு வருது, புள்ளய பாத்தா தூக்கினு போயி ஹோம்ல போட்டுடுவாங்க, உனக்கு ஜெயிலு, அப்புறம் ஜென்மத்துக்கும் உம் பொண்ண நீ பாக்க மாட்டேன்னு.

நான் நம்பிட்டேம்மா. புருசனும் போயி, இருக்கறது ஒத்தப் புள்ள. காப்பாத்த வர்ற ஜீப்புன்னு எனக்கு யாரு சொன்னா?

மழ வந்தா உப்பு மேல போத்தறதுக்கு கீத்து எறக்கி வெச்சிருந்தாங்க. தோ, நீங்க உக்காரப் போனீங்களே, அதே எடம். நாலு கீத்த நவுத்தி உள்ள உக்கார வெச்சேன். குனிஞ்சி சொன்னேன், கண்ணு, அம்மா கூப்புடற வரைக்கும் மூச்சு வுடக் கூடாது, எது வந்தாலும் சரி, வாயத் தொறந்தியோ அம்மாவ பிரிச்சிடுவாங்க. சரிம்மான்னு தலையாட்டுச்சி. மேல மூடிட்டேன். இந்தக் கையாலதான் மூடுனேன்.

அந்தத் தம்பி நல்ல புள்ளதான், பொறுமையா கேட்டுச்சி. ஒரு மணி நேரம் ஆச்சு. புள்ளைங்க எத்தினி பேருன்னுச்சி. இல்லன்னேன். ஒருத்தரும் இல்லியான்னுச்சி. எனக்குப் புள்ளயே இல்லப்பான்னு சத்தமா சொன்னேன். கீத்துக்குள்ள கேட்டிருக்கும். எழுதி, கட்டவெரலு வெக்கச் சொன்னாங்க, வெச்சேன். ஜீப்பு அங்க, அந்தக் கரண்டு கம்பத்துகிட்ட நின்னுது. நாப்பது அடி இருக்குமா?

ஜீப்பு ரோடு ஏறுனதும், கீதா, வெளிய வா கண்ணுன்னேன். வரல. தூங்கிட்டாளாட்டம்னு சிரிச்சிக்கினே கீத்தத் தூக்குனேன். பாவாடைய சுருட்டி வாயில அடச்சி கடிச்சிக்கினு கீது. காலு இம்மாம் பெருசா வீங்கிப் போச்சு. விரியன். எப்ப கடிச்சிதோ. வாயிலேருந்து துணிய எடுத்தேன். ம்மா, போயிட்டாங்களா, நான் சத்தமே போடலம்மான்னுச்சி.

அழாதீங்கம்மா. நீங்க அழுதா நான் எங்க போவேன்.

மேஸ்திரி வண்டிலதான் பாண்டிக்குத் தூக்கினு ஓடுனோம். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னு டாக்டரு கேட்டாரு. மூணு நாளுதான் இருந்துச்சி. ரெண்டாவது ஆளு இனிமே வேணாம்னு மேஸ்திரி வுட்டுட்டாரு. ஊருல அவர நல்ல மனுசன்னு சொல்றாங்க. நான் யாரத் திட்டட்டும்? சொன்னபடி கேட்ட புள்ள அது. கேக்காத புள்ளயா பெத்திருந்தா இன்னிக்கு இருந்திருக்கும்.

தோ, அந்தம்மா கூப்புடறாங்க, நேரமாச்சாட்டம் இருக்குது. அதுக்கு முன்னாடி அந்தக் கேள்விய கேட்டுடுங்க, மிச்சம் வெக்காதீங்க.

புள்ளைங்க இல்லம்மா. இல்லன்னே எழுதிக்குங்க. போன தரம் சொன்னதுதான் பொய்யி. கொண்டாங்க, எங்க வெரலு வெக்கணும்?