கெளுத்தித் தொட்டிக்குச் செடி

பெரிய கெளுத்தி கிடக்கும் தொட்டியில், மணலில் நடுகிற செடி எதுவும் நிலைக்காது. மீன்தொட்டிக் கடை வெள்ளத்துரை அண்ணாச்சி எனக்கு இதைப் பொறுமையாகச் சொன்னார். "அது அடியில படுத்து மண்ணக் கிண்டுற மீனுல்லா, தங்கச்சி. நீங்க காலையில நட்டா ராவோட ராவாப் பிடுங்கிப் போட்டுரும். அனுபியாஸ் கொண்டு போங்க. மரக்கட்டையில நூலால கட்டிவிட்டா அது பாட்டுக்குக் கெடக்கும், கையே வைக்க வேண்டாம்" என்றார். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். பிறகு, மணலில் நடுகிற செடியாகவே பன்னிரண்டு கேட்டு வாங்கிவந்தேன். நாடா மாதிரி நீளும் வாலிஸ்னேரியா எட்டு, அகல இலை அமேசான் நாலு.

இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் ஒயரைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். செடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் எனக்கு முன்னே பின்னே ஆகிவிடும்.

என் பெயர் சண்முகசுந்தரி, வயது நாற்பத்தொன்பது, சொந்த ஊர் ஏரல். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது தம்பி வேல்ராஜுக்கு ஏழு வயது, எனக்கு இருபத்தொன்று. அதற்குப் பிறகு எனக்கு மூன்று இடம் வந்தது. தம்பியையும் கூட வைத்துக்கொள்ள மூன்று பேருக்கும் மனசில்லை. சரி, போங்கள் என்று விட்டுவிட்டேன். அவனுக்குத் துறைமுகத்தில் சரக்குக் கம்பெனி வேலை கிடைத்ததும் தூத்துக்குடிக்கு வந்தோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் பெண் பார்த்து, இசக்கிச்செல்வியைக் கட்டிவைத்ததும் நான்தான். நல்ல பெண். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்தச் சிவப்பு வால் கெளுத்தி விரல் நீளத்தில் வீட்டுக்கு வந்தது. இப்போது என் கை நீளம் இருக்கிறது. ஹாலில் எட்டடித் தொட்டி. பழைய வீடு, ஹாலில் பிளக் கிடையாது. அதனால் தொட்டி மோட்டாரின் ஒயர் சுவர் ஓட்டை வழியாக அடுக்களைக்கு வரும். சுவிட்ச் அங்கேதான். மாசி மாதம் ஒருநாள் மீன் மிரண்டு மோட்டாரை இழுத்ததில், தண்ணீருக்குள் ஒயரின் தோல் ஓரிடத்தில் உரிந்துவிட்டது. தண்ணீரில் விரல் பட்டபோது எனக்குச் சுர்ரென்றது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் தப்பித்தேன். வேல்ராஜிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவன் வேலை முடிந்து வரக் காத்திருந்தேன்.

அன்று அவன் ஒரு செய்தியோடு வந்தான். விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். வைகாசியில் இரண்டு பேரும் போகிறார்களாம். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. முன்பு இரண்டு முறை மாற்றல் வந்தபோது, அக்காவை விட்டுப் போக முடியாது என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்தவன் அவன். ஆகவே போக நினைப்பது அவன் இல்லை. அவள் இல்லையென்றால் இந்த வீடு பழையபடி இருக்கும். நீங்களும் யோசித்துப் பாருங்கள், இதில் பிசகு ஏதும் இல்லை. ஒயரைப் பற்றி நான் சொல்லவில்லை.

செடி வைக்கலாம் என்ற யோசனை இசக்கிச்செல்வியுடையது. "நாங்க போனப்புறம் நீங்க தனியா இருப்பீங்கள்லா மதினி. பாக்கதுக்குப் பச்சையா ஏதாச்சும் கெடக்கட்டும்" என்றாள். அவள் மனசு அப்படி. கடைக்கு நானே போகிறேன் என்றேன்.

ஏன் மணலில் நடுகிற செடி என்று இப்போது உங்களுக்குப் புரியும். மாதம் ஒருமுறை தொட்டியில் கை விடுகிறவர்கள் பயந்து, சுவிட்சை அணைத்து, போய் ஒருதரம் பார்த்துவிட்டுக் கை விடுவார்கள். தினமும் கை விடுகிறவர்களுக்குப் பயம் விட்டுப்போகும். அண்ணாச்சி சொன்னபடியே கெளுத்தி செய்தது. விடிந்தால் நாலைந்து செடி மிதக்கும். அவள் சலிக்காமல் ஒவ்வொன்றாக நடுவாள். முதல் நாளே சொன்னேன், "நீ எதுக்குளா அங்கயும் இங்கயும் நடக்க, நான் இங்கன இருந்து அணைக்கேன்" என்று. அதிலிருந்து ஹாலில் நின்றபடி "மதினி, அணைச்சாச்சா?" என்பாள். "அணைச்சாச்சுளா" என்பேன். நாற்பது நாள் உண்மையாகவே அணைத்தேன். ஒருநாளும் தவறவில்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் மாத விலக்கு நாளில் பெண்கள் செடியைத் தொடுவதில்லை. தொட்டால் பட்டுப்போகும். வந்த புதிதில் அவள் அந்த நாளில் கறிவேப்பிலை பறித்துவிட்டாள். அந்தச் செடி அப்படியே கருகியது. அன்றைக்கே கண்டித்து வைத்தேன். தொட்டிச் செடி வந்ததும், "இதையும் தொடக்கூடாதா மதினி, தண்ணிக்குள்ளல்லா இருக்கு?" என்று சிரித்தாள். "செடின்னா செடிதான்ளா" என்றேன். முதல் மாதம் என்னிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். மூன்று நாளும் செடிகள் மிதந்து கிடந்தன.

வெள்ளிக்கிழமைதான் சரி என்று எனக்குப் பட்டது. வெள்ளிதோறும் விளக்கேற்றுவதற்கு முன்னால் வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவுவேன். ஈரத் தரையில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும் என்பதும் நான் போட்ட சட்டம். வேல்ராஜ் எட்டு மணிக்கு வண்டியில் கிளம்பிவிட்டான். நான் அடுக்களைக்குப் போய்ச் சட்னிக்கு மிக்சியைப் போட்டேன்.

பிறகு நடந்தது நீங்கள் கேட்டறிந்ததுதான். துறைமுக வாசலில் காட்டுகிற பாஸை மறந்துவிட்டு அவன் பாதி வழியில் திரும்பியிருக்கிறான். மிக்சிச் சத்தத்தில் வண்டி வந்தது எனக்குக் கேட்கவில்லை. கழுவின தரை என்று ஷூவை வாசலில் கழற்றிப் போட்டிருக்கிறான். சின்ன வயசிலிருந்து நான் பழக்கிய பழக்கம். மிதக்கும் செடிகளைப் பார்த்துக்கொண்டு அவள் சும்மா நின்றிருக்கிறாள். என்னவென்று கேட்டிருக்கிறான். தனக்கு ஆகாது, இன்று காலையில்தான் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கென்ன, நான் நட்டுத்தாரேன் என்று சட்டைக் கையை மடித்திருக்கிறான்.

நான் மிக்சியை நிறுத்தினேன். அவள் குரல்தான் கேட்டது. "மதினி, அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சுளா" என்றேன்.

சத்தம் எதுவும் பெரிதாக இல்லை. தண்ணீர் தளும்பிய சத்தம்தான். அப்புறம் அவள் அலறினாள். அலறுகிறவள் அவளாக இருக்க முடியாதே என்று தோன்றியது. சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஹாலுக்கு ஓடினேன். மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னது பொய். மறக்கவில்லை. என் விரல் சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

இசக்கிச்செல்வி இப்போது வருகிறவர்களிடமெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறாள். தான் நட்டிருக்க வேண்டிய செடியாம், அன்றைக்குத் தன் தீட்டைப் பார்க்காமல் தானே கையை விட்டிருந்தால் அவர் இருந்திருப்பாராம். எல்லோரும் அவளைத் தேற்றுகிறார்கள். நான் தேற்றவில்லை. அவள் சொல்வது வாஸ்தவம்.

மீன் நன்றாக இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. யார் கொண்டுபோனாலும் அனுபியாஸைக் கட்டையில் கட்டிவிடச் சொல்லுங்கள். மணலில் ஒன்றும் நட வேண்டாம்.

என் தம்பியை நான் கொல்லவில்லை, அம்மா. இருபத்தெட்டு வருஷம் வளர்த்த கை அப்படிச் செய்யுமா. இப்படி என்று காலையிலேயே என்னிடம் ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால், நான் சுவிட்சை அணைத்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திருந்திருப்பேன்.