இடிக்குப் பயந்தவள்

எங்கள் ஆண்டிமடம் பக்கம் வந்தால் முந்திரிப் பழத்தைப் பறித்த கையோடு கடித்துவிடாதீர்கள் அம்மா. நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறி, கொஞ்ச நேரம் வைத்திருந்து சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் தொண்டை கமறும். நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருப்பதாக ஏட்டய்யா சொன்னார், அதனால் சொல்கிறேன். இன்ஸ்பெக்டருக்குப் புத்தி சொல்கிற வயசுதான் எனக்கு. ஆனால் அதற்கான நாற்காலியில் நான் இப்போது உட்கார்ந்திருக்கவில்லை என்பதும் தெரிகிறது.

என் பெயர் அய்யம்பெருமாள். கச்சேரி மேடைகளில் மைக் பிடித்துப் பேசுவது தொழில். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் கூட்டம் கலையாமல் இருக்க யாராவது பொய் சொல்ல வேண்டும், அது நான். எங்கள் வீட்டுச் சேவல் டவுன் பஸ் ஹாரன் மாதிரியே கூவும், அதைக் கேட்டு ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் கை காட்டுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வருஷம் வெயிலில் முந்திரிக்கொட்டை மரத்திலேயே வறுபட்டு விழுந்தது, நாங்கள் மிளகாய்த் தூளும் உப்பும் மட்டும் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனோம் என்றும் சொல்லியிருக்கிறேன். சிரிக்காமல் சொல்வேன். சொல்கிறவன் சிரித்துவிட்டால் பொய் அந்த இடத்திலேயே செத்துப்போகும்.

பிரேம்குமார் என் அக்கா பொன்னாயியின் மகன். டி.வி. பாட்டுப் போட்டியில் ஜெயித்தவன். ஆண் குரல், பெண் குரல் இரண்டிலும் அவனே பாடுவான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மேடையில் இரண்டு பேர் நிற்பார்கள். முதலில் ஜனங்கள் அதற்குத்தான் கை தட்டினார்கள். பிறகு அதையே சந்தேகப்பட்டார்கள். அவன் பாட்டுக்குக் கீழே செல்போனில் எழுதுவதெல்லாம் அதுதான். இவன் அவனா, அவளா? வயசு முப்பதைத் தாண்டியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை? பேட்டி எடுக்கிறவர்கள் கேட்டால் அவன் சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுவான். ஆமாம் என்றும் சொல்ல மாட்டான், இல்லை என்றும் சொல்ல மாட்டான்.

பதில் சொல்ல வேண்டியது தாய்மாமனாகிய நான். எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு என்றால் மாமனைத்தான் பிடிப்பார்கள். டீக்கடையில் ஆண்டவர் என்று ஒருவர், என் வயசுக்காரர், கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் பெருமாளு, உன் மருமவனுக்குப் பொண்ணு பாக்குறியா, மாப்ள பாக்குறியா? எதுன்னாலும் சொல்லு, ரெண்டுக்கும் எங்கிட்ட ஆளு இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். என் மேடையில் இல்லாத ஒரு சிரிப்பை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

எனக்கு விஷயம் தெரியாது என்று நினைக்காதீர்கள். பிரேமின் குழுவில் கீபோர்டு வாசிக்கிற மகேஷ், பாடாலூர்ப் பையன். இருவரும் பெரம்பலூரில் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரு நாள் அங்கே சாப்பிட உட்கார்ந்தபோது, பிரேம் மீனில் முள்ளெடுத்து முள்ளெடுத்து மகேஷ் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருந்தான், பேச்சை நிறுத்தாமல். மகேஷும் பார்க்காமலே எடுத்துச் சாப்பிட்டான். என் சம்சாரம் இருந்தவரை எனக்கு அப்படிச் செய்தாள். அதற்குமேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் ஒரு யூடியூப் சேனல்காரப் பெண் அக்கா வீட்டுக்குப் பேட்டி எடுக்க வந்தாள். பிரேம் சட்டை மாற்ற உள்ளே போயிருந்தான். அவள் என்னைக் கேட்டாள், ஏன் சார் அவருக்கு இன்னும் கல்யாணம் பண்ணி வைக்கவில்லை என்று. எனக்கு டீக்கடைச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"அவன் ஒருத்தியையே நெனச்சுக்கிட்டு இருக்காம்மா. அவ இப்ப உசுரோட இல்ல" என்றேன்.

பெயர் என்ன என்றாள். சிவரஞ்சனி என்றேன். எந்த ஊர் என்றாள். அது அந்தக் குடும்பத்து மானம், சொல்லக் கூடாது என்றேன். ரோஸ் கலர்தான் அவளுக்குப் பிடிக்கும். இடி என்றால் பயம். வானம் முழங்கினால் இவனுக்குப் போன் பண்ணுவாள், இவன் பாடிக்கொண்டே இருப்பான், இடி நிற்கும்வரை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். அவளுக்குப் பாடி முடியாத பாட்டைத்தான் இவன் இரண்டு குரலிலும் பாடிக்கொண்டிருக்கிறான். இவ்வளவும் ஒரே மூச்சில் வந்தது. அந்தப் பெண் கேமராவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிரேம் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, இத்தன நாளு எனக்கே சொல்லாம எங்க வெச்சிருந்தீங்க அவள?" என்றான். மகேஷ் மட்டும் சிரிக்கவில்லை.

"உசுரோட இருக்கறவங்கன்னா சண்ட போட்டு ஜெயிச்சுரலாங்கய்யா. இவங்ககிட்ட முடியாது" என்றான்.

அவன் சொன்னதுதான் நடந்தது. ஊர் முழுக்க அவளுக்காக அழுதது. கல்யாணம் ஆகாமல் செத்த பெண் எங்கள் பக்கம் சும்மா போய்விட மாட்டாள். கன்னி சாமியாகி நிற்பாள், பாவாடையும் வளையலும் வைத்துக் கும்பிட வேண்டும். அக்காவின் முந்திரித் தோப்பில் ஒரு மரத்தடியில் வீராயி என்பவள்தான் முதலில் கல் நட்டு மஞ்சள் பூசினாள். மகளுக்கு வரன் அமைந்தால் வளையல் போடுவதாக வேண்டிக்கொண்டாளாம். அமைந்தது. பிறகு அந்த மரத்துக் கிளை தெரியாத அளவுக்கு வளையல். பங்குனிக் கடைசி வெள்ளியில் அவளுக்கு வருஷ விழா, அதில் பிரேமின் கச்சேரி என்று ஆகிவிட்டது. பாவாடை மாற்றுவது, விளக்குப் போடுவது, அவள் கதையை மைக்கில் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை தவறினதில்லை. ஒரு தடவை யாரோ பச்சைப் பாவாடை கொண்டுவந்து சாத்தியிருந்தார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருஷ விழாவுக்கு முந்தின வாரம் பிரேம் என்னைக் கூப்பிட்டு ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினான். வரதராஜன்பேட்டையிலிருந்து ஒரு காலேஜ் பையன். குரல் தணிந்து பேசினான்.

"அண்ணே, நீங்களும் என்னய மாதிரின்னு நெனச்சுத்தான் இவ்வளவு நாளு தைரியமா இருந்தேன். உங்களுக்கும் ஒரு பொண்ணு இருந்திருக்காங்கன்னு இப்பத்தான் பாத்தேன். அப்ப நான் மட்டும்தானாண்ணே?"

அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை என்றான் பிரேம். முகம் வெளுத்திருந்தது.

"விழா மேடையில சொல்லிரப் போறேன் மாமா. நான் யாரு, மகேசு எனக்கு யாருன்னு. சிவரஞ்சனின்னு ஒருத்தி இல்லவே இல்லைன்னும் சொல்லிருவேன்."

"அந்தப் பையன மட்டும் தேடிப் போயிப் பேசேன்டா. ஊருக்கெல்லாம் எதுக்கு?"

"அவன் காதுல சொன்னா அவனுக்கு மட்டும்தான் கேக்கும். மைக்குல சொன்னாத்தான் அவன் அப்பன் ஆத்தாளுக்கும் கேக்கும். பொய்ய மைக்குலதான சொன்னோம் மாமா? நீங்க சொன்னீங்க, நான் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

மகேஷுக்குப் பயம். ரசிகர்கள் அடித்துவிடுவார்கள், கச்சேரி ஒன்றுகூட வராது என்றான். பிரேம் அவன் தோளில் கை போட்டு, "வராட்டிப் போவுது, பாடாலூர் ரோட்டுல இட்லிக் கடை போடுவோம்" என்றான். அன்று வெள்ளிக்கிழமை. தோப்புக்குப் போய்ப் பாவாடை மாற்றினேன்.

விழா அன்று மேடைக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகையைத்தான் பிரேமுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பெண்கள் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகை. கொட்டை ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். உடைக்கிறவர்கள் கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். ஓடு குவித்த மூலையில் அது ஒரு சட்டியில் வடிந்திருந்தது.

பிரேம் மேடை ஏறுமுன் குடிக்கிற கஷாயம், அவன் சிறுவனாகப் பாடிய நாளிலிருந்து என் கையால்தான். மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு. வேறு யார் போட்டாலும் குடிக்க மாட்டான். வாங்கி ஒரே மூச்சில் விழுங்கினான்.

"இன்னைக்கு என்ன மாமா, காரம் ஜாஸ்தி?" என்றான்.

"பேசப் போற நாளாச்சே. தொண்டைக்கு வேணும்" என்றேன்.

அவன் அதற்குப் பிறகு பேசவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மகேஷ் ஓடி வந்து அவன் வாயைத் தன் விரல்களாலேயே துடைத்துத் துடைத்து விட்டான். ஜெயங்கொண்டம் போகிற ரோட்டில் காரில் வைத்துக்கொண்டு போனோம். முகமெல்லாம் வீங்கி, என்னையே பார்த்து வாயை வாயைத் திறந்தான். அவசரப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்திருப்பான். பாதி வழியில் மூச்சு நின்றது. காரைத் திருப்பச் சொன்னேன். நெஞ்சடைப்பு என்று முதலில் சொன்னது நான்தான்.

தோப்பில் கூட்டம் காத்திருந்தது. நான் மைக்கை எடுத்தேன். "சிவரஞ்சனி கூப்பிட்டுக்கிட்டா" என்றேன். அவ்வளவு பெரிய கூட்டம் அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. மகேஷ் தன் மடியில் பிரேமின் தலையை வைத்திருந்தான். "தம்பி, சொந்தக்காரங்க உக்காரணும், நீ கொஞ்சம் தள்ளி இரு" என்றேன். எழுந்து போய்விட்டான். சொல் பேச்சுக் கேட்கிற பையன்.

பிரேமை அவள் கல்லுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். வீராயி மஞ்சள் கயிறு கொண்டுவந்து கல்லில் கட்டினாள். பெண்கள் குலவை போட்டார்கள். மகேஷ் மரத்துக்குப் பின்னால் நின்று அதையும் பார்த்தான்.

அதோடு முடிந்திருக்கும். பதினாறாம் நாள் காரியத்தில், நான் இரண்டு வார்த்தை பேசி மைக்கைக் கீழே வைத்ததும், மகேஷ் வந்து எடுத்தான். மேடையில் ஒரு நாளும் வாய் திறக்காதவன்.

"எம் பேரு மகேசு. கீபோர்டு வாசிக்கிறவன்னு உங்களுக்குத் தெரியும். நானும் பிரேமும் சேந்து குடும்பம் நடத்துனோம். சிவரஞ்சனின்னு யாரும் இல்ல. அன்னைக்கு இதச் சொல்லத்தான் அவரு மேடைக்கு வந்தாரு. வரதராஜன்பேட்டையில ஒரு தம்பி அவருகிட்ட கேட்டுச்சு, நான் மட்டும்தானான்னு. இல்ல தம்பி. நீ மட்டும் இல்ல. எங்க இருந்தாலும் ஒரு போன் பண்ணுப்பா."

"மைக்கப் புடுங்குங்கடா" என்றது ஒரு குரல். வீராயி பக்கத்தில் இருந்தவளிடம், "அப்ப எம் மவளுக்கு வரன் குடுத்தது யாருடி?" என்று கேட்டாள்.

எங்களில் துணையை இழந்தவருக்குப் பிறந்த வீட்டார் புதுத் துணி போர்த்துவார்கள். கோடி போடுவது என்போம். கல்யாணம் ஆகாதவன் காரியத்தில் அதற்கு வேலையில்லை. என் அக்கா எழுந்து உள்ளே போனாள். தட்டில் இருந்த புது வேட்டியை எடுத்து வந்தாள். "உனக்கு வேற யாரும் இங்க இல்லல்ல" என்று சொல்லி, மகேஷின் தோளில் போர்த்தி, அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை. விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். தோல் உரிந்து, கறுத்து, நடுவில் சிவப்பாக இருந்தது. எங்கள் ஊரில் அந்தப் புண்ணைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"இது யாரு வாயத் தொடச்ச கையி?" என்றாள். மகேஷ் சொன்னான்.

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். என் விரலிலும் அதே புண், அது தெரியாமல் இருக்கக் கையை மடித்து வைத்திருந்தேன். அதுதான் தப்பாகிவிட்டது.

"தம்பி, நீ எப்படா கொட்ட ஒடச்ச?" என்றாள்.

என் வாழ்க்கையில் பதிலுக்கு ஒரு பொய் வராமல் நான் நின்றது அன்று ஒரு நாள்தான்.

ஒரு மாலைப் பொழுது மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளட்டும் என்றுதான் செய்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். எழுதியும் வைத்திருப்பீர்கள். அதை அடித்துவிடுங்கள். அந்த எண்ணெயோடு வளர்ந்தவன் நான். தொண்டை கட்டுவதற்கு எவ்வளவு போதும் என்று தெரியும். நான் அதற்குமேல்தான் ஊற்றினேன். அவன் குடித்து முடிக்கிறவரை தம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மானத்துக்காகவா என்று கேட்டீர்கள். இல்லை அம்மா. அவன் மகேஷைப் பற்றிச் சொல்லட்டும், ஆயிரம் தடவை சொல்லட்டும், டீக்கடைக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். ஆனால் பேச வாயில்லாத ஒரு பெண்ணைப் பற்றி, அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று அவ்வளவு பேர் முன்னால் சொல்லலாமா? அவள் மனசு என்ன பாடுபடும்?

வெளியே வானம் இருட்டுகிறது, பாருங்கள். இடி வந்தால் அவள் பயப்படுவாள். பாட அவனும் இல்லை. ஏட்டய்யாவையாவது அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் போய் இருக்கச் சொல்லுங்கள்.