பதினேழாவது வரிசையில் தோண்டிய விவரம்

பெயர் அப்பாவு, வயது 58, த/பெ (லேட்) முனுசாமி, மேட்டுத் தெரு, ஆர்.கே.பேட்டை தாலுக்கா. விசாரித்ததில் நான் சொல்வதாவது: அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் எட்டு வருடம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன். கரண்ட் விஷயத்தில் இன்ஜினியர்களே என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள். எங்கள் ஊரில் இங்கிலீஷ் பத்திரம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

காலமான என் அண்ணனின் மனைவி கெங்கம்மாளுக்குச் சொந்தமான மூன்று ஏக்கர் கடலைக் கொல்லையை, 2023-ல் சோலார் கம்பெனியார் குத்தகைக்குக் கேட்டார்கள். டெங்குவில் பத்தொன்பது வயதில் இறந்த அண்ணியின் மகள் நந்தினியை அங்கேதான் புதைத்திருந்தோம். சாவுக்கு ஐயாயிரம் பேர் வந்தார்கள். ஐயா மறுபடி கேட்டதால் சொல்கிறேன், ஐம்பது பேர் இருக்கும். அண்ணி கையெழுத்துப் போட மறுத்தபடியால் பத்திரத்தை நான் வாங்கிப் பார்த்தேன். 'சோலார் பார்க்' என்று இருந்தது.

"பார்க்குன்னா பூங்கா அண்ணி. பெஞ்சு போடுவான், பூச்செடி வெப்பான். நந்தினி சமாதிக்கு நீ தெனம் போய் வெளக்கு ஏத்திக்கினு வரலாம்" என்றேன்.

"அவளுக்கு வெயிலு ஆவாது அப்பாவு. அந்தப் பக்கம் ஒரு மரம் வெக்கச் சொல்லு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மற்ற வரிகளை நான் படிக்கவில்லை. படித்திருந்தாலும் புரிந்திருக்காது.

அதன் பிறகு ஜேசிபி வந்து வரப்பையும் சமாதியையும் ஒன்றாகச் சமன் செய்து, வேலி போட்டு, பேனல் நிறுத்தினார்கள். அதன் பிறகு அண்ணி மூன்று நாள் சாப்பிடாமல் வேலி ஓரம் உட்கார்ந்திருந்தபடியால், "பதினேழாவது வரிசை, நாலாவது காலு, அதுக்கு அடியிலதான் கீறா. எனக்கு அங்குலம் அங்குலமாத் தெரியும்" என்று கை காட்டினேன். எனக்கு இடம் தெரியாது. எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருந்தது. அண்ணி அன்று இரண்டு இட்லி சாப்பிட்டார்.

14.06.2024 காலை பத்து மணியளவில், மகளை எடுத்து வேறு இடத்தில் வைப்பதாகச் சொல்லி அண்ணி மண்வெட்டியுடன் வேலிக்குள் நுழைந்து, நான் சொன்ன இடத்தில் தோண்டியதில் இரும்புக் கால் சாய்ந்து இரண்டு பேனல் உடைந்தது. நான் ஓடிப் போனபோது இடுப்பளவு பள்ளத்தில் நின்றிருந்தார். நந்தினிக்குக் கட்டி அனுப்பிய பச்சைப் பட்டின் ஒரு நூல்கூட அங்கே இல்லை.

"இன்னா அப்பாவு, எங்க எம் பொண்ணு? அடுத்த வரிசையா? சொல்லுப்பா, தோண்டறேன்" என்று கேட்டார்.



பேனல் கேஸை என் பேரில் எழுதிக்கொள்ளவும். அண்ணியிடம் சொன்னது பொய், இங்கே சொன்னது மெய். ஐயா படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது.

(ஒப்பம்)
மு. அப்பாவு