படத்தில் இல்லாதவர்கள்

ஆர்.எஸ்.புரம் கிளினிக்கில் டோக்கனுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“எம் பொண்ணு அமெரிக்க வரலாறு பரீட்சைக்குப் படிக்கறவ, எங்க ஊட்டுப் படத்தைக் கேள்வி கேக்கறாளுங்க!”

“எந்தப் படமுங்க அக்கா?”

“மாமனாரு மில்லு தொறந்தப்ப எடுத்தது. பழைய படம் எதைக் குடுத்தாலும் அதுல யாரு இல்லைன்னு மொதல்ல பாருங்கன்னு மிஸ் சொல்லிக் குடுத்திருக்காங்க. இவ ஹால்ல நின்னு பாத்துட்டு, ‘மில்லுல வேல செஞ்சவங்க ஒருத்தரையும் காணோமேம்மா’ங்கறா. கல்யாணமாகி வந்த நாள்லருந்து நாந்தான் தொடைக்கறேன். எனக்குத் தோணவே இல்லீங்க. அப்படியே புல்லரிச்சுப் போச்சு.”

தோழி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“உங்ககிட்ட இத்தன நாளா சொன்னதில்லீங்க அக்கா. எங்கம்மா அந்த மில்லுலதான் நூல் சுத்துனாங்க. பாப்பாவ ஒருநாள் எங்க ஊட்டுக்கு அனுப்புங்க.”