மூன்று முறை போட்ட உப்பு

வில்லியனூரிலிருந்து மடுகரை போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். மூத்தவர் சொன்னார்:

"எங்க வூட்ல சமையல் நிகழ்ச்சி எடுத்தாங்களே, அன்னிக்கு ஒரே கொழம்புல மூணு வாட்டி உப்பு போட்டேன்டி."

"இன்னாத்துக்குக்கா?"

"கேமராவுல சரியா வுழலயாம். இன்னொரு வாட்டி போடுங்கன்னாங்க, போட்டேன்."

"போடற மாதிரி கையக் காட்டறதுதான?"

"அத அப்பறமாத்தான் சொல்றாங்க."

"நிகழ்ச்சி நடத்தற அந்தம்மா வாயில வச்சாங்களா?"

"ஒரு கரண்டி. கண்ண மூடிக்கினு, உப்பு காரம் எல்லாம் அளவா இருக்குன்னாங்க. கேமராவ நிறுத்தனதும் ஒரு சொம்பு தண்ணி குடிச்சாங்க. 'எனக்குச் சமைக்கவே தெரியாதுக்கா. எத வாயில வச்சாலும் சிரிப்பேன், அதுலதான் இத்தனை வருஷமா பொழப்பு ஓடுது'ன்னு காதுல சொன்னாங்க."

"கொழம்பக் கீழ ஊத்திட்டியா?"

"எதுக்கு? எங்க வூட்டுக்காரு தெனம் உப்புல கொற சொல்றவராச்சே. அந்தம்மா அளவா இருக்குன்னத பக்கத்துல நின்னு கேட்டாரு. அவருக்குத்தான் ஊத்தினேன்."

"இன்னா சொன்னாரு?"

"மூஞ்சி போன போக்கப் பாக்கணும். ஆனா நல்லாருக்குன்னு சொல்லி முழுசும் துன்னாரு."

"நீ?"

"நான் மோர் ஊத்திக்கினேன்."