மீட்டர் காட்டியதைத்தான் எழுதினேன்

சீசன் நேரத்தில் எங்கள் ஊரில் துணி காயாது சார். விசாரணைக்கு வந்த நீங்கள் லாட்ஜில் காயப் போட்டிருக்கிற பேண்டை மூன்று நாள் கழித்துத் தொட்டுப் பாருங்கள், போட்டபடியே இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. குற்றாலத்துக்கு ஒரு நாள் வருவார்கள், எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் தலையைக் கொடுப்பார்கள், நனைந்த துணியைப் பையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். மூன்று மாதமும் அந்த ஈரத்தில் கிடப்பது நாங்கள்தான்.

எங்கள் கம்பெனி முதலாளிக்கும் இது தெரியாது. அவர் இலத்தூர்ப் பக்கம் இடம் பார்க்க வந்தது பங்குனியில். பங்குனியில் எந்த ஊர்தான் காயாமல் இருக்கும்? ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்குள் சுவரை எழுப்பிக் கூரையும் போட்டுவிட்டார்கள். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

நாங்கள் செய்த பொருள் என்னவென்று உங்களுக்குத் தெரியும். எழுதிக்கொள்கிற தம்பிக்காகச் சொல்கிறேன். இராணுவ விமானத்தின் என்ஜின் சூட்டைத் தேடிக்கொண்டு வருகிற ஏவுகணைகள் உண்டு. அந்தச் சூட்டைப் பார்க்க அவற்றுக்கு ஒரு கண் உண்டு. எங்கள் கருவி விமானத்தின் வயிற்றில் தேங்காய் அளவுக்கு உருண்டையாக உட்கார்ந்திருக்கும். ஏவுகணை வருவது தெரிந்ததும் சட்டென்று திரும்பி அந்தக் கண்ணுக்குள் லேசர் ஒளியைப் பாய்ச்சும். எதிரே வருகிற லாரிக்காரன் ஹைபீம் போட்டால் நமக்கு ரோடு தெரியாமல் போகிறதல்லவா, அந்த மாதிரி. ஏவுகணை தடுமாறி வேறெங்காவது போய்விடும்.

அந்த ஒளி ஒரு கண்ணாடிக் கூடு வழியாக வெளியே போக வேண்டும். கூட்டுக்குள் துளி ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் மேலே முப்பதாயிரம் அடிக் குளிரில் கண்ணாடியின் உள்பக்கம் பனியாகப் படிந்து ஒளியைச் சிதறடித்துவிடும். அதனால் கூட்டை மூடுகிற அறையில் காற்றை உலர்த்தியே வைத்திருப்போம். ஈரத்தை அளக்க ஒரு மீட்டர் உண்டு. அது சரியென்று காட்டினால் மூடலாம், இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. மூடுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் ஒருவர். இரண்டு பேருடைய ஊழியர் நம்பரும் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். மூடுகிறவள் நஸீபா. சரிபார்க்கிறவன் கடற்கரையாகிய நான்.

நஸீபா கெட்டிக்காரி. தென்காசிப் பிள்ளை, பாலிடெக்னிக் படித்தவள். புருஷன் மசூது சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். ஒரே ஒரு குறை, பிடிவாதம். மீட்டர் ஒரு புள்ளி அதிகம் காட்டினாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாள். இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆனியில் மட்டும் ஒன்பது நாள் வேலை நின்றது. நிறுத்தியவள் வீட்டுக்குப் போய்விடுவாள். ஏன் நின்றது என்று நான்கு பிரதி எழுதுகிறவன் நான். தலைமை அலுவலகத்திலிருந்து காலையில் ஒருவன் கேட்பான், அதையே சாயங்காலம் இன்னொருவன் கேட்பான். மழை பெய்யுது சார் என்று எத்தனை தடவை சொல்வது? எனக்கு ஐம்பத்தெட்டு வயது, முழங்காலில் வலி. யார்மேலும் கோபமில்லை. அலுத்துப்போனேன், அவ்வளவுதான்.

புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சச் சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அதற்குள் இருக்கிற உருண்டைகள் எங்களிடம் டப்பா டப்பாவாக உண்டு. ஒரு டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டேன். மீட்டரின் முனையை அதற்குள் இறக்கி, சுற்றி டேப் ஒட்டினேன். சாரல் காலத்தில் மீட்டர் கெட்டுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு என்று எல்லாரிடமும் சொன்னேன். அன்றிலிருந்து மீட்டர் மிக நன்றாகக் காட்டியது. டப்பாவுக்குள் இருந்த காற்று உண்மையிலேயே அவ்வளவு உலர்ந்ததுதான். நான் ஒரு நாளும் பொய்க் கணக்கு எழுதியவன் இல்லை சார். மீட்டர் காட்டியதைத்தான் எழுதினேன்.

மற்றவர்கள் நம்பினார்கள். நஸீபாவும் இரண்டு வாரம் நம்பி மூடினாள். ஆடியில் ஒரு புதன்கிழமை, தன்னுடைய முக்காட்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். நாங்கள் உடை மாற்றுகிற அறைக்கும் மூடுகிற அறைக்கும் ஒரே காற்றுதான். அங்கே ஆணியில் மாட்டியிருந்த முக்காடு அது.

"அண்ணாச்சி, காலையில ஸ்கூட்டர்ல வரும்போது நனைஞ்சது. மூணு மணி நேரமா தொங்குது, இன்னும் சில்லுன்னு இருக்கு. மீட்டர் பொய் சொல்லுது. நான் இன்னைக்கு மூட மாட்டேன்."

அவளுடைய உம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் நேரம் குறித்திருந்தது. மத்தியானம் போக அனுமதிச் சீட்டு எழுதி என்னிடம் தந்தாள். நீ போ பிள்ளே, நான் பாத்துக்கிடுதேன் என்றேன். போய்விட்டாள். அன்றைக்கு ஒரு கூடு போயே ஆக வேண்டும், நாற்பத்தோராம் நம்பர். அதை நானே மூடினேன். மூடியவனே சரிபார்க்க முடியாது என்பது விதி. ஆகவே மூடியவர் என்ற இடத்தில் நஸீபாவின் நம்பரைப் போட்டேன். பிரசவ லீவில் இருந்தபோது ஒரு வேலையை முடிக்கச் சொல்லித் தன் பாஸ்வேர்டைப் போனில் சொல்லியிருந்தாள். பிறகு அவள் அதை மாற்றவே இல்லை. அனுமதிச் சீட்டை ஆபீசுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். வெளியே போனதற்கு அந்தச் சீட்டைத் தவிர வேறு பதிவு கிடையாது, அனுப்பினால் மூடியபோது அவள் உள்ளே இல்லை என்று தெரிந்துவிடும். அவளுக்கும் அரை நாள் லீவு மிச்சமாயிற்று.

மறுநாள் மீட்டரைச் சரிசெய்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன், நம்பிவிட்டாள். அடுத்த தையில் வடக்கே ஒரு மலை விமானதளத்தில், நாற்பத்தொன்று மாட்டியிருந்த விமானம் இறங்கும்போது விழுந்தது. ஏவுகணை ஒன்றுதான் வந்திருக்கிறது. எங்கள் கருவி சரியாகத் திரும்பியிருக்கிறது, ஒளியையும் பாய்ச்சியிருக்கிறது. எல்லாம் பதிவில் இருக்கிறதாம். செத்தது பத்தொன்பது பேர். அதில் சுடலைமணி என்று கீழப்பாவூர்க்காரன் ஒருவன். பெட்டி ஊருக்கு வந்த அன்று கம்பெனி சார்பில் மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டவன் நான்தான். அவன் பெண்டாட்டி காளீஸ்வரி அழக்கூட இல்லை, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

பிறகு உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி வந்தார். அதே சீசனில் மூடிய வேறு கூடுகளைத் திறந்து ஈரத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். வருவதற்குள் டப்பாவை எடுத்துக் கழுவி வைத்துவிட்டேன். நாற்பத்தொன்றில் இருப்பது நஸீபாவின் நம்பர்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவள் புருஷன் வெளிநாட்டிலா என்றார். தம்மாமில் என்றேன். அடிக்கடி பேசுவாளா என்றார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் பேசுவாள் என்றேன். ஒன்றாவது பொய்யா சொல்லுங்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். அந்தப் பதில்களையெல்லாம் அடுக்கி அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது அவருடைய வேலை, நான் குறுக்கே பேசவில்லை. மாசியில் நாசவேலை என்று எழுதி அவளைக் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலம் அந்த அனுமதிச் சீட்டை அடுப்பில் போட்டேன்.

பதினாறு மாதம் ஆகிறது. அவளுடைய உம்மா ஹாஜரா பீவி மாதம் ஒரு தரம் சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வருவாள். ஒரு கண் சரியாகத் தெரியாது, வாசற்படியைக் காலால் தடவித்தான் ஏறுவாள். போன வாரமும் வந்தாள்.

"தம்பி, எம் மவ ஒங்களத்தான் நம்பிக் கெடக்கா. மத்தியானமே நான் கெளம்பிட்டது அண்ணாச்சிக்குத் தெரியும், சீட்டு அவுககிட்டதான் இருக்கு, அவுக வந்து சொல்லிருவாகன்னே சொல்லுதா. சின்னது உம்மா முகத்தையே மறந்துட்டு. ஒரு வார்த்த சொல்லிருங்க தம்பி."

பொறுங்க, எல்லாம் சரியாகும் என்று சொல்லி ஆட்டோ பிடித்து அனுப்பினேன். ஆட்டோக்காரனிடம் பார்த்து இறக்கிவிடச் சொன்னேன்.

இப்போது நீங்கள் வந்து, நஸீபா தன் பக்கம் சாட்சியாகக் கொடுத்திருக்கிற பெயர் என்னுடையது ஒன்றுதான் என்கிறீர்கள். உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் ஜாக்கிரதையாகப் பதில் சொல்ல இன்னொரு தடவை எனக்குத் தெம்பில்லை சார். எழுதிக்கொள்ளுங்கள். மீட்டரை டப்பாவுக்குள் வைத்தவன் நான். கூட்டை மூடியவன் நான். அவள் நம்பரைப் போட்டவனும், சீட்டை எரித்தவனும் நான். அந்த ஆனி ஆடியில் மொத்தம் இருபத்து மூன்று கூடுகள் போயிருக்கின்றன. நீங்கள் திறந்து பார்த்தது ஆறு. மற்றவை இன்னும் பறந்துகொண்டிருக்கும், அவற்றை இறக்கச் சொல்லிவிடுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நஸீபாவை விட்டுவிடுங்கள், நாளைக்கே விட்டாலும் நல்லது. ஆனால் இதைச் செய்தது நான் என்று அவளிடம் சொல்ல வேண்டாம். அண்ணாச்சி வந்து சாட்சி சொன்னார், அதனால்தான் விட்டோம் என்று மட்டும் சொல்லுங்கள். என்னை அவ்வளவு நம்பியிருக்கிற பிள்ளை சார், மனசு தாங்காது.