காலி ஆணி

பையின் ஜிப்பை மூடாமல் தோளில் போட்டவன் நான்தான். படகுத்துறையில் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோது என் உள்ளாடை மொத்தமும் கடலில் விழுந்து, குடும்பத்தோடு சுற்றுலா கிளம்பிய மாதிரி மிதந்து போனது. வரிசையில் நின்ற கூட்டம் கைதட்டியது. நானும் எல்லோருக்கும் வணக்கம் வைத்தேன். என்னை வைத்து ஊரைச் சிரிக்க வைப்பது எனக்குக் கைவந்த கலை.

ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடுபவன்தான் துறைப் பலகையில் குப்புறப் படுத்து, துடுப்பால் ஒவ்வொன்றாகத் துழாவி எடுத்தான். பள்ளிக்கூடக் காலத்து நண்பன். எந்தப் பயணத்திலும் எல்லோருடைய தண்ணீரையும் அவன் முதுகுதான் சுமக்கும். பெயர் அப்படி வந்தது.

அப்போது படகுக்காரர் பொதுவாகச் சொன்னார்: "தீவுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை இருக்கு. நீந்திப் போறவங்க வெயில் இருக்கும்போதே திரும்பிடுங்க. சாயங்காலம் அங்க இழுப்பு ஜாஸ்தி."

நான் கேட்டேன். ஒட்டகத்தின் காதில் அது விழவில்லை. அவன் என் பனியனை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அய்யா.

படகுக்காரரிடம் ஒரு வழக்கம். ஏறும்போது ஆளுக்கொரு தகர வில்லை கொடுப்பார். திரும்பும்போது அதைப் படகிலுள்ள பலகை ஆணியில் மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் கடைசிப் படகு நகராது. "குடிச்சவன் தலையை எண்ண முடியாது, ஒரு இடத்துல நிக்காது. ஆணி நிக்கும்" என்பார்.

தீவில் ஆட்டமும் பாட்டுமாகக் கொண்டாட்டம், கால் வைக்க இடமில்லை. பாட்டு காதில் கேட்கவில்லை, விலா எலும்பில் கேட்டது. ஒட்டகம் ஒரு வட்டத்தைச் சேர்த்துக்கொண்டு காலையில் நடந்ததைச் சொன்னான். நன்றாகச் சொன்னான், அதுதான் பிரச்சினை. என் பனியனைத் தூக்கிப் பிடித்து, "மீன் வலைன்னு நெனைக்காதீங்க, இவன் ஆபீசுக்குப் போட்டுட்டுப் போறது" என்றான். காலையிலிருந்து நான் பேச முயன்ற பெண்ணும் அங்கே இருந்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என்னைப் பற்றி நான் சொன்னால் அது நகைச்சுவை. அவன் சொன்னபோது வெறும் உண்மையாக இருந்தது.

வெயில் இறங்கியதும் ஒட்டகம் தன் வில்லையை என் கையில் திணித்தான்.

"வச்சிக்கடா, தண்ணில விட்டுடுவேன். பாறை வரைக்கும் போயிட்டு வரேன். கோவமா?"

"உன்மேல கோவப்பட்டா என் பையை யாருடா தூக்குவா? போயிட்டு வா."

இழுப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். பாட்டு சத்தமாக இருந்தது.

கடைசிப் படகில் என் வில்லையை மாட்டினேன். பக்கத்து ஆணியில் அவனுடையதையும் மாட்டினேன். ஒரு ராத்திரி கொசுவோடு கிடக்கட்டும், நாளைக்கு இதையும் கதையாகச் சொல்லட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

"உங்ககூட வந்த உயரமான தம்பி எங்கே?" என்று படகுக்காரர் கேட்டார்.

"பின்னாடி சாக்குக்கு நடுவுல படுத்துட்டான், அண்ணே. படகு ஒரு பக்கமா சாயுதே, தெரியலையா?"

படகே சிரித்தது. அன்று முழுக்க எனக்குக் கிடைத்த நல்ல சிரிப்பு அதுதான்.

படகு திரும்பும்போது பாறைக்கு அருகே ஒரு கை உயர்ந்தது, இறங்கியது, மறுபடி உயர்ந்தது. டாட்டா காட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். நானும் கையாட்டினேன்.

மறுநாள் அவனைக் கரையில் கண்டெடுத்தார்கள். நான்தான் அடையாளம் சொன்னேன். அவன் அக்கா என் தோளில் சாய்ந்து, "நீ என்னப்பா பண்ணுவ, நல்லா இருந்தவன் போயிட்டான்" என்று அழுதாள். அவன் மூழ்குவது தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். விதி என்றார்கள். என்னைச் சாப்பிடச் சொன்னார்கள். நானும் சாப்பிட்டேன்.

இன்று காலை, இந்த ஸ்டேஷனில் உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் படகுக்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வில்லையை மாட்டியவன் நான்தான் என்று முதலில் அவரிடம்தான் சொன்னேன். பிறகு அதே கேள்வியைக் கேட்டேன்.



"காப்பாத்தியிருக்கலாம். பாறைக்குப் போய்த் திரும்ப ஒரு டீ குடிக்கிற நேரம்தான். நீ கையாட்டுனதை நான் பாத்தேன், தம்பி. சும்மா தீவுக்கு டாட்டா காட்டுறியோன்னு நெனச்சுட்டேன்."